புதுசு வாங்கணுமா, இதையே ஓட்டலாமா?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும், வைக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். “ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே. புதுசு வாங்கிடலாமா, இல்ல இதுலயே ஏதாவது போட்டு ஓட்டலாமா?”

சாதாரண ஜனங்கள் கம்ப்யூட்டரைத் தாங்களாகத் திறப்பதில்லை. வாங்கியது வாங்கியபடியே ஓடும். மெதுவானால் பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்க முடியாத அன்றைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எனவே பாகத்தை மாற்றுவதா முழுசையும் மாற்றுவதா என்று நடைமுறையில் முடிவெடுப்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நீங்கள்தான். புதுசை விற்றால் மார்ஜின், பழசைச் சரிசெய்தால் கூலி. இரண்டில் எது அதிகம் என்று உங்களுக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் நம்பிக்கை உருவாவதும் கெடுவதும் இந்த இடத்தில்தான். பல வருடம் இதே மேஜையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் மெஷினைத் திறக்காதீர்கள். ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்காரவையுங்கள். இதில் என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். “சும்மா வீட்டு யூஸ்தான் சார்” என்பார். அதோடு விட்டுவிடாதீர்கள். பையன் கேம் விளையாடுகிறானா, வீட்டம்மா டேலியில் கணக்கு எழுதுகிறாரா, மகள் ஆட்டோகேட் படிக்கிறாளா, பெரியவர் பேரனோடு வீடியோ காலில் பேசுவதோடு சரியா? ஒரே மாடல் மெஷின் நாலு வீட்டில் இருக்கும், நாலுக்கும் நாலு பதில். “இது என்ன ஜெனரேஷன்?” என்று முதல் கேள்வி கேட்கும் டெக்னீஷியன் பாதி மெஷின்களைத் தேவையில்லாமல் மாற்றச் சொல்லிவிடுவான்.

2. அடுத்து அவர் கையாலேயே மெஷினை ஆன் செய்து, தினமும் திறப்பதையெல்லாம் திறக்கச் சொல்லுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் எதிரே சதவீதம் ஓடும். இரண்டு நிமிடம் பேசாமல் அதையே பாருங்கள்.

டிஸ்க் 100-லேயே நிற்கிறது, மெமரி 50-ஐத் தாண்டவில்லை என்றால் கோளாறு ஹார்டு டிஸ்க்கில். மெமரி 90-க்கு மேலே போய், புது டேப் ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் டிஸ்க்கும் கூடவே துள்ளினால் ராம் போதவில்லை. ராமில் இடம் கிடைக்காததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி வைத்து எழுதி வைத்து எடுக்கிறது. ஒன்றும் செய்யாமலேயே சிபியு 80, 90 என்று காட்டினால், பாகம் வாங்கும் முன் அதைத் தின்பது எது என்று பாருங்கள். பல வீடுகளில் இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் கூலர் ஃபேனைப் பாருங்கள். ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தால் பிராசசர் சூடாகும். சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியை ஊதி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புது தெர்மல் பேஸ்ட் வைத்தால் பல மெஷின்கள் அந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

மூன்றுமே 30-க்குள் இருக்கிறது, ஆனாலும் ஸ்லோ என்றால் அது இன்டர்நெட். மெஷினை அனுப்பிவிட்டு ரவுட்டர் எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

3. ஹார்டு டிஸ்க் இருக்கும் மெஷினுக்கு எஸ்எஸ்டி. சாதாரண வீட்டுக்காரருக்கு நாம் சொல்லக்கூடிய மாற்றங்களிலேயே கொடுத்த காசுக்குக் கண்ணெதிரே பலன் தருவது இது ஒன்றுதான். ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவருக்கு விளக்க முடியும்.

ஹார்டு டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும் தட்டு இருக்கிறது. படிக்கும் ஊசிமுனை ஒவ்வொரு ஃபைலுக்கும் இடம் மாறிப் போய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி அங்கங்கே சிதறிக் கிடப்பதை எடுக்கச் சொன்னால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய நூறு முறைதான் எடுக்கும். எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் கிடையாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே இதைப் பல்லாயிரம் முறை செய்யும். ஒரு சினிமாவை முழுசாகக் காப்பி எடுத்தால் வித்தியாசம் நாலைந்து மடங்குதான் தெரியும். விண்டோஸ் திறப்பதோ ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைத் தேடி எடுக்கும் வேலை. ஆன் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போனவர் இனி போக வேண்டியதில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்த மெஷின்கள் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. “கவர்மென்ட் லேப்டாப்தானே” என்று அலட்சியமாகத் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்ப்ளேயும் கீபோர்டும் நன்றாக இருந்தால் ஒரு சின்ன எஸ்எஸ்டியும், லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றும் போட்டுக் கொடுங்கள். பள்ளிப் பிள்ளை தட்டச்சு பழகவும் பாடம் தேடவும் தாராளமாகப் போதும். டிவிடி டிரைவ் இருக்கும் பழைய லேப்டாப் என்றால் அந்த இடத்தில் டிஸ்க்கைத் தாங்கும் கேடி ஒன்றை மாட்டி, கழற்றிய ஹார்டு டிஸ்க்கையும் ஸ்டோரேஜுக்கு வைத்துக்கொள்ளலாம். கேடி வாங்கும் முன் டிரைவின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். 9.5 மில்லிமீட்டரும் உண்டு, 12.7-உம் உண்டு. மாறிவிட்டால் உட்காராது.

இன்னொன்று. எம்.2 ஸ்லாட்டைப் பார்த்ததும் என்விஎம்இ வாங்கிவிடாதீர்கள். சில போர்டுகளில் அந்த ஸ்லாட் சாட்டாவை மட்டும் எடுக்கும், சிலவற்றில் என்விஎம்இயை மட்டும். மேனுவலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெஞ்ச்மார்க்கில் என்விஎம்இ ஆறேழு மடங்கு வேகம் காட்டும். சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து அதற்கு மாறினால் பிரவுசரும் வேர்டும் மட்டும் திறப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்காக அவரிடம் கூடுதல் காசு வாங்குவது நியாயமில்லை.

4. ராம். இன்றைக்கு 4 ஜிபியில் விண்டோஸ் 10, 11 ஓட்டுவது தண்டனை. 8 இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். நிறைய டேப் திறப்பவர், போட்டோஷாப் வேலை, இன்ஜினியரிங் மாணவர் என்றால் 16. அதற்கு மேல் கேட்டு வருபவரிடம் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் யூடியூபில் யாரோ சொல்லியிருப்பார்கள்.

வாங்கும் முன் மூன்று விஷயம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று போகாது, அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். இரண்டாவது, முடிந்தால் ஒரே அளவில் இரண்டு ஸ்டிக்காகப் போடுங்கள். டூயல் சேனலில் ஓடும்போது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் வித்தியாசம் தெரியும். மூன்றாவது, உள்ளே இருப்பது 32 பிட் விண்டோஸா என்று பாருங்கள். அதற்கு 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்குள்தான் எடுத்துக்கொள்ளும், “போட்டும் ஒண்ணும் ஆகலையே” என்று திரும்பி வருவார்.

டிஸ்ப்ளே வராமல் பீப் அடிக்கிறது என்று ஒரு டெஸ்க்டாப் வந்தால் உடனே போர்டு போச்சு என்று சொல்லிவிடாதீர்கள். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுத்திருக்கும். பள்ளிக்கூட ரப்பர் ஒன்றை எடுத்து, ஒரே திசையில் மெதுவாக, பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். துகளை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டி, இரண்டு பக்கக் காதும் ‘டிக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். திருவொற்றியூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் இந்த ஒரு வேலையிலேயே எத்தனையோ மெஷின்கள் உயிர் பிழைக்கும். இதற்குக் காசு வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம்.

5. இதுவரை சொன்னதெல்லாம் போர்டைத் தொடாத வேலைகள். போர்டைத் தொட வேண்டிய நேரம் வந்தால் கணக்கே வேறு. என்னைக் கேட்டால் பழசா புதுசா என்பதற்குக் கோடு கிழிக்க வேண்டிய இடம் அதுதான், வயசு இல்லை.

நாலாம் ஜெனரேஷன் ஐ3 வைத்திருப்பவர் வருகிறார். “பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு, பிராசசரை மட்டும் பன்னிரண்டாம் ஜெனரேஷன் ஐ5 ஆக்கிக் கொடுங்க” என்கிறார். அவர் போர்டில் இருப்பது எல்ஜிஏ 1150 சாக்கெட். கேட்பது எல்ஜிஏ 1700. ஆக போர்டு புதுசு. பழைய போர்டில் இருந்தது டிடிஆர்3. புதுசுக்கு டிடிஆர்4 அல்லது 5. ஆக ராம் புதுசு. கூலர் பொருந்தாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர்களும் வயதும் நம்பும்படி இல்லை. போர்டோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் போர்டோடு போய்விடும். எல்லாம் முடிந்து பழையதில் மிஞ்சுவது கேபினெட், மானிட்டர், மவுஸ். புது மெஷினையே பழைய டப்பாவுக்குள் வைத்து விற்றிருக்கிறீர்கள். அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதே சாக்கெட்டில் ஏறக்கூடிய பிராசசர் செகண்ட்ஸில் கிடைத்தால் போடலாம். ஐ3 இருந்த இடத்தில் அதே தலைமுறை ஐ5. ஆனால் பின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். எல்ஜிஏ 1151 என்று ஆறாம், ஏழாம் ஜெனரேஷன் போர்டுகளும் உண்டு, எட்டாம், ஒன்பதாம் ஜெனரேஷன் போர்டுகளும் உண்டு. பிராசசர் அப்படியே உட்காரும், லாக்கும் விழும், மெஷின் மட்டும் எழாது. இன்டெல் அப்படித்தான் பிரித்து வைத்தது.

ஏஎம்டி பக்கம் கொஞ்சம் தாராளம். ரைசன் 2017-இல் ஏஎம்4 சாக்கெட்டில் வந்தது. அந்த வருடத்துப் போர்டுகள் பலவற்றில் பயாஸை அப்டேட் செய்துவிட்டு 2020 கடைசியில் வந்த ரைசன் 5000 வரிசையையே போடலாம். அதனால் ரைசன் வைத்திருப்பவர் வந்தால் அவசரப்பட்டு முழுசையும் மாற்றச் சொல்லாதீர்கள். போர்டு மாடலைப் பார்த்து, தயாரிப்பாளரின் பிராசசர் பட்டியலை ஒரு முறை புரட்டுங்கள்.

6. பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே செய்து முடியுங்கள். யூபிஎஸ் இல்லாமல் செய்யவே செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு போனது போனதுதான்.

7. விண்டோஸ் 11 விவகாரத்தில் ஜனங்களைப் பயமுறுத்தி மெஷின் விற்காதீர்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்தது. அன்றைக்கு மெஷின் நின்றுவிடவில்லை, பாதுகாப்பு அப்டேட்கள்தான் நின்றன. வீட்டு உபயோகத்துக்கு மேலும் ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, பதிவு செய்தவர்களுக்கு நீட்டிப்பும் கொடுத்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட், 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ் வேண்டும். பிராசசர் பொதுவாக இன்டெல்லில் எட்டாம் ஜெனரேஷனிலிருந்து, ரைசனில் 2000 வரிசையிலிருந்து.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எட்டாம், ஒன்பதாம் ஜெனரேஷன் டெஸ்க்டாப்பில்கூட “இந்த மெஷின் தகுதியில்லை” என்று வரும். உடனே புதுசு வாங்கச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. பயாஸுக்குள் போனால் இன்டெல் பிடிடி என்றோ ஏஎம்டி எஃப்டிபிஎம் என்றோ ஒரு வரி அணைத்து வைத்தபடி இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் ஜிபிடிக்கு மாற்றி, யூஇஎஃப்ஐ பூட்டுக்குக் கொண்டு வாருங்கள். பேக்கப் எடுத்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். அரை நாள் வேலை. அவருக்கு ஒரு மெஷின் விலை மிச்சம்.

ஏழாம் ஜெனரேஷனும் அதற்கு முந்தையதும் என்றால் நேராகச் சொல்லுங்கள். தடையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11 ஏற்ற வழிகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. உங்கள் சொந்த மெஷினில் செய்து பாருங்கள். பில் போட்டு அடுத்தவர் மெஷினில் செய்யாதீர்கள். நெட் பேங்கிங் செய்கிறவர் என்றால் மாற்றச் சொல்லலாம், அதில் தப்பில்லை. வெறும் பிரவுசர் வேலைதான் என்றால் லினக்ஸ். ஒரு நாள் கடையில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக் கொடுங்கள். பிடித்தால் போடலாம், பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

8. லேப்டாப்புக்கு மாடல் நம்பர் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள். ராமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுவது இப்போது சாதாரணம். மெல்லிசான லேப்டாப்களில் ஸ்லாட்டே இருக்காது. ஆப்பிளின் மேக்புக் ஏர் 2008-இல் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். 2020-இல் வந்த எம்1 முதல் ராம் பிராசசரோடு ஒரே தொகுப்புக்குள் போய்விட்டது. வாங்கும் அன்று எடுத்ததுதான் கடைசிவரை. அடிக்கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு “சாரி சார்” என்பதைவிட, சிபியு-இசட் ஓட்டி எத்தனை ஸ்லாட் என்று பார்த்துவிட்டு, சர்வீஸ் மேனுவலையும் தேடிப் பார்ப்பது மரியாதை.

பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் மேலே தூக்கியிருக்கும், அடிக்கூடு தரையில் ஆடும். அதைக் குத்தவோ நெம்பவோ கூடாது. வேறு எதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னும் அதைக் கழற்றி அகற்றுங்கள்.

9. மெஷினை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள், அதன் முதுகில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். சில மெஷின்கள் கடைக்கு வராது, நீங்கள்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அரிசி மண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில், கைபட்டு மஞ்சளான கேபினெட். உள்ளே டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று முதலாளிக்கே தெரியாது. பக்கத்தில் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ், கார்பன் காப்பி விழும் தொடர்தாள். பிரிண்டரிலிருந்து வரும் தடித்த கேபிள் 25 பின் பேரலல் போர்ட்டில் திருகி மாட்டியிருக்கும். மெஷின் ஒரு நாளைக்கு நாலு தடவை ஆஃப் ஆகிறது, புதுசு போட்டுவிடலாமா என்கிறார் முதலாளி. காசு இருக்கிறது, தயாராகவும் இருக்கிறார்.

போட்டால் என்ன ஆகும்? 16 பிட் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. புது போர்டுகளில் பேரலல் போர்ட் அநேகமாக இருக்காது. யூஎஸ்பி மாற்றுக் கேபிள் போட்டாலும், எல்பிடி1-க்கு நேராக அனுப்பும் டாஸ் புரோகிராம் அதைக் கண்டுகொள்ளாது. மறுநாள் காலையில் லாரி வந்து நிற்கும், பில் வராது, எல்லோரும் உங்களைத் தேடுவார்கள்.

அங்கே செய்ய வேண்டியது வேறு. ஆஃப் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸாகவோ, தலை உப்பிய கெப்பாசிட்டராகவோ இருக்கும். அதைச் சரிசெய்யுங்கள். டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்து ஒரு காப்பி அலமாரியில் வையுங்கள். இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், பில்லிங்குக்கு அது தேவையில்லை. தினமும் இரவு டேட்டாவை பென் டிரைவில் எடுக்கக் கணக்குப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். இவ்வளவும் ஆன பிறகு, ஜிஎஸ்டியோடு ஒத்துப்போகும் புது பில்லிங்குக்கு மாறுவதைப் பற்றி நிதானமாகப் பேசலாம். டாஸ்பாக்ஸ் மாதிரி எமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பதானாலும், பிரிண்ட் சரியாக வந்து சில வாரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிய பிறகே பழசை எடுங்கள்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளிலும் இதே கதைதான். பேஜ்மேக்கர், யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்கள், பின்னால் செருகிய ஹார்டுவேர் லாக். புது மெஷினில் இவை எழுந்து நிற்கும் என்று பார்க்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள். முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது தொடவே தொடாதீர்கள்.

10. “பையன் கேம் ஆடணும்ங்கிறான், கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டுக் கொடுங்க” என்று வருபவரிடம் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டுங்கள். போர்டின் ஸ்லாட் தரக்கூடியது 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி ஒயர் தேவைப்படாது. ஆர்டிஎக்ஸ் 3060 போன்றது 170 வாட் இழுக்கும். கேபினெட்டோடு இனாமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அதை மாட்டுவது, டிவிஎஸ் 50 சேஸிஸில் புல்லட் இன்ஜினைக் கட்டுகிற மாதிரி. கையில் எடுத்துப் பாருங்கள்: ஸ்டிக்கரில் 450 என்று போட்டிருக்கும், எடை காகிதக் கட்டு மாதிரி லேசாக இருக்கும். பிராண்டட் குட்டி டெஸ்க்டாப்களில் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனியின் தனி வடிவம், மாற்றுவதற்கு வெளியே கிடைப்பதும் கஷ்டம். இப்படிப்பட்ட இடங்களில் தைரியமாகப் புது மெஷின் சொல்லலாம்.

11. போன மாத விலையை இந்த மாதம் சொல்லாதீர்கள். 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோது, இங்கே ரிச்சி தெருவில் டிஸ்க் விலை எகிறியது. கிரிப்டோ காசு தோண்டுகிறவர்களால் 2021-இல் கிராபிக்ஸ் கார்டு கையில் கிடைக்காமல் போனது. 2025 கடைசியிலிருந்து ராமின் முறை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டின் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது. நம்மிடம் அதிகம் போன பிராண்டுகளில் அதுவும் ஒன்று.

இதனால் அறிவுரையும் மாறும். ராம் மலிவாக இருந்தபோது “இரண்டு ஸ்டிக் போடுங்க” என்பது யோசிக்காமல் சொல்லக்கூடிய பதில். இப்போது ராமோடு வரும் செகண்ட்ஸ் லேப்டாப்பின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொட்டேஷனில் தேதியைப் போட்டு, ‘இன்றைய விலை’ என்று எழுதிக் கொடுங்கள். கழற்றிய நல்ல ராமைத் தூக்கிப் போடாதீர்கள்.

12. புதுசுதான் என்று முடிவானால், எந்தப் புதுசு? ஷோரூமில் ரொம்ப மலிவாக வைத்திருக்கும் செலரான் லேப்டாப்பை யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள். 4 ஜிபி சால்டர் செய்த ராம், 64 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ், எதையும் கூட்ட முடியாது. விண்டோஸும் அதன் அப்டேட்டுமே அந்த 64-இல் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும். வாங்கிய வருடமே ஸ்லோ என்று உங்களிடம் வரும், நீங்கள் செய்வதற்கும் ஒன்றும் இருக்காது.

அதே காசுக்கு, கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் பிசினஸ் லேப்டாப்கள் செகண்ட்ஸில் வருகின்றன. எட்டாம் ஜெனரேஷன் ஐ5-உம் அதற்கு மேலும் பாருங்கள், விண்டோஸ் 11 ஏறும். பலவற்றில் ராமும் டிஸ்க்கும் மாற்ற வசதி உண்டு. வாங்கும்போது பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா, பழைய கம்பெனியின் லாக் இன்னும் உயிரோடு இருக்கிறதா, ஹிஞ்ச் இறுக்கமாக இருக்கிறதா, சார்ஜரைப் பிடுங்கினால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். எந்தச் சரக்கு என்று பில்லில் எழுதுங்கள். “புதுசு மாதிரி” என்று வாயால் சொல்லி விற்பவர்களால்தான் செகண்ட்ஸ் வியாபாரத்துக்கே கெட்ட பெயர்.

13. பணக் கணக்குக்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்று சொல்கிறேன். பாகமும் கூலியும் சேர்ந்து, அதே வேலையைச் செய்யும் நல்ல செகண்ட்ஸ் மெஷின் விலையில் பாதியைத் தொட்டுவிட்டால், பழசில் காசு போடச் சொல்லாதீர்கள். போட்ட எஸ்எஸ்டி மட்டும் அடுத்த மெஷினுக்கும் போகும் என்பதால் அதைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

14. எதைத் தொடுவதற்கு முன்னும் டேட்டா. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஓட்டிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் அந்த டிஸ்க்கில் முதல் வேலை படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுப்பதுதான், விண்டோஸைச் சரிசெய்வது அல்ல. விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கக்கூடும். பயாஸையோ போர்டையோ தொட்டால் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கையோ, வாங்கிய அன்று கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியில் உருவாக்கியிருப்பான், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. எண்ணைக் கண்டுபிடித்து எழுதி வைத்த பிறகுதான் வேலை.

15. புது மெஷின் போனதும் பழசை காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். போர்டை எரித்துச் செம்பும் பொன்னும் எடுப்பவர்கள் கைக்கு அது போகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுங்கள், பேட்டரிகளைத் தனியாக.

டிஸ்க்கை மட்டும் அதோடு போட வேண்டாம். அதில் அவர் வீட்டுக் கல்யாணப் படம் இருக்கும், ஆதார் நகல் இருக்கும், பேங்க் பாஸ்வேர்டுகூட ஒரு நோட்பேட் ஃபைலில் இருக்கும். “இது எதுக்குப்பா எனக்கு, நீயே வச்சுக்கோ” என்பார். வாங்காதீர்கள். கழற்றிய டிஸ்க்கைக் கவரில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, அவர் கையில் கொடுத்த பிறகு பில் புத்தகத்தை எடுங்கள்.